முன்னால் போன வண்டியின் மூன்று எழுத்து

ரொட்டி வண்டி ஓட்டுகிற டிரைவருக்குக் காலையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஆகாது. சுபாவமே அப்படி. ஏழு மணிக்கு வீட்டிலிருந்து காலி வேனை எடுத்து, ஏழரைக்குள் பேக்கரித் தொழிற்சாலைக்குப் போய், தட்டுத் தட்டாக ரொட்டி அடுக்கிக்கொண்டு, பதினொரு மணிக்குள் நாற்பத்திரண்டு கடைகளுக்கு இறக்கியாக வேண்டும். அந்த முதல் அரைமணி நேரமாவது வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசைக்குத்தான் நாலு வருஷமாக வேட்டு வைத்துக்கொண்டிருந்தாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும் கொழுந்தியாள்.

அவளுக்கும் அதே பேக்கரியில்தான் வேலை. பேக்கிங் பிரிவில் லேபிள் ஒட்டுவாள். அக்கா வீட்டிலேயே தங்கி, அக்கா புருஷன் வண்டியிலேயே வேலைக்கு வருவாள். ரொம்பச் சாது, கை சுத்தம், எதிர்த்துப் பேச மாட்டாள். ஆனால் ஒரு பைத்தியம் இருந்தது. முன்னால் எந்த வண்டி போனாலும் அதன் நம்பர் பலகையைப் பார்த்து ஒரு ஆங்கில வார்த்தை கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்த ஊரில் எல்லா வண்டிக்கும் முதலில் மூன்று ஆங்கில எழுத்து, பிறகு மூன்று இலக்கம். இலக்கத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற வார்த்தை வேண்டும். முன்னாலும் நடுவிலும் பின்னாலும் வேறு எழுத்துகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். எம், எல், கே என்றால் மில்க். ஆனால் சும்மா ஏதோ ஒரு வார்த்தை சொல்லித் தப்பிக்க முடியாது. இருப்பதிலேயே சின்ன வார்த்தையாக இருக்க வேண்டும். இரண்டு வார்த்தை ஒரே நீளத்தில் வந்தால் அகராதியில் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. பி, எல், எல் என்று ஒரு கார் போனால் பால், பெல், பில், புல் எல்லாமே நாலெழுத்து. அவற்றில் பந்து என்று அர்த்தம் வருகிற பால்தான் செல்லும். இந்தச் சட்டங்களை எல்லாம் போட்டது யார் என்று கேட்கிறீர்களா? அவளேதான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பெண். ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய ஆங்கிலம் - தமிழ் அகராதி. அதன் அட்டையை இரண்டு தடவை ஒட்டுப் போட்டாயிற்று.

டிரைவர் அவளுக்கு வைத்த பெயர் 'டிக்ஷனரி'. பாசத்தில் வைத்த பெயரில்லை, கடுப்பில் வைத்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு கேட்கும். பிறகு கொஞ்சம் மௌனம். திடீரென்று ஒரு ஆங்கில வார்த்தை வந்து காதில் விழும். அந்த வார்த்தையை அவரிடம் சொன்னால்தான் அவளுக்கு நிம்மதி. அவருக்கோ தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருக்கும். "இவ வாயில பூட்டுப் போட ஒரு மாப்பிள்ளை சீக்கிரம் பாரு" என்று மனைவியிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் அப்படித்தான் தொடங்கியது. பெரிய சாலைச் சிக்னலில் இவர்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது. கொழுந்தியாள் முணுமுணுத்தாள். இந்தத் தடவை கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு, "கிச்சன், மாமா" என்றாள். "ஆமா, உங்க அக்கா அங்கேயே கிடக்கறா, நீ ஒருத்திதான் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதில்ல" என்று டிரைவர் எரிந்து விழுந்தார். சிக்னல் விழுந்ததும் வெள்ளை வேன் சர்ரென்று இடது பக்கச் சந்துக்குள் திரும்பிப் பறந்தது. இவர் கியரைப் போட்டு, நிதானமாக அதே சந்துக்குள் திரும்பினார்.

சந்தின் நடுவில் ஒரு சைக்கிள் முறுக்கிய கம்பியாகக் கிடந்தது. பக்கத்தில் காக்கிச் சட்டை. அந்தப் பகுதி முழுக்கக் கடிதம் கொடுக்கிற தபால்காரர். முன்னால் போன வேன் தூரத்து முனையில் திரும்பி மறைந்துகொண்டிருந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் டயர் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் முடிவெட்டும் கடைக்காரரும் பஸ் நிறுத்தத்தில் நின்ற இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தபோது தெருவில் இருந்தது ஒரே ஒரு வெள்ளை வேன், இவருடைய ரொட்டி வேன்தான். அதன் கதவு திறந்திருந்தது. டிரைவர் குனிந்து, ரத்தம் ஒழுகும் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? இவர் வேனின் முன் பம்பரில் தொழிற்சாலைச் சுவரில் உரசிய பழைய கீறல் ஒன்று வேறு இருந்தது. சைக்கிளில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. தபால்காரரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, கை கழுவக்கூட நேரமில்லாமல் டிரைவர் போலீஸ் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டார். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேனை நிலையத்துப் பின்பக்கம் நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். வேறொரு வேன் போனது என்று அவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கொழுந்தியாளும் அதையே சொன்னாள். அவள் சொந்தக்காரி, பிறகென்ன? தினமும் காலையில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று அனுப்பிவைத்தார்கள். தபால்காரருக்கு நினைவு திரும்பவில்லை. அவர் உயிருக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே தள்ளிவிடுவோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லார் முகத்திலும் அது எழுதியிருந்தது.

பேக்கரி முதலாளி, வழக்கு முடியட்டும் அப்புறம் பார்க்கலாம் என்றார். தெருவில் எல்லா வீட்டுக்கும் கடிதம் கொண்டுவந்தவரை ஏற்றியவன் என்று தெருவே அவரைப் பார்த்தது. தபால்காரரின் மனைவி மருத்துவமனை வராந்தாவில் அவர் முகத்துக்கு நேராக, "உன் கை விளங்குமா" என்று கேட்டாள். அந்தக் கையால்தான் உன் புருஷனைத் தூக்கினேன் அம்மா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் பையைக்கூடக் கழற்றாமல் வந்து, "நீ ஏத்தினியாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றார். குழந்தை நம்பிவிட்டது. ஆனால் அது மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. எத்தனை கோபக்காரராக இருந்தாலும் இருபது வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட வண்டியை விட்டதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. அந்தப் பெருமை போய்விட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகப் பேசாமல் இருந்த கொழுந்தியாள் அறை வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மாமா, அன்னிக்கு சிக்னல்ல நான் என்ன வார்த்தை சொன்னேன்? எனக்கு கிச்சன்னு இருக்கு. உங்களுக்கும் அதானா?"

"அதான். எதுக்கு இப்ப?"

"அப்ப வண்டியைக் கண்டுபிடிச்சுடலாம்."

டிரைவருக்கு முதலில் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நம்பர் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தினார். நம்பர் தெரியாது என்றாள் அவள். எழுத்தாவது தெரியுமா என்றார். அதுவும் தெரியாதாம். வார்த்தை கிடைக்கிற வரைக்கும்தான் எழுத்து மனசில் நிற்குமாம். வார்த்தை கிடைத்ததும், விடை வந்த சிலேட்டை அழித்த மாதிரி அழிந்துபோய்விடுமாம். வேனில் என்ன கம்பெனிப் பெயர் எழுதியிருந்தது, ஓட்டியவன் யார், ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. மூன்று எழுத்தைத்தான் பார்த்தாள். இப்போது அதுவும் இல்லை. ஒரு வார்த்தை மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம் என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கையில் வேறு என்ன இருந்தது? சட்டையை மாட்டிக்கொண்டார்.

நிலையத்தில் இருந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு அன்று கடும் சளி. மேசை மேல் கைக்குட்டை, தைலம், கோப்புக் குவியல். கொழுந்தியாள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு டிரைவரைப் பார்த்தார். ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரில் வேன் தேடச் சொல்கிறீர்களா, நான் என்ன வேலைவெட்டி இல்லாமலா உட்கார்ந்திருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் சில வார்த்தைகள் சொன்னார். டிரைவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். கொழுந்தியாள் எழுந்திருக்கவில்லை.

"மேடம், வாசல்ல நிக்கிற ஜீப் விண்டோ" என்றாள்.

ஜீப்புக்கு ஜன்னல் இருக்கிறது என்று சொல்கிறாளாக்கும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துவிட்டார். உள்ளே வரும்போது அந்த ஜீப்பின் பலகையைப் பார்த்ததாகவும், அதற்கு விண்டோ என்ற வார்த்தை கிடைத்ததாகவும், எழுத்து இப்போது மறந்துவிட்டதாகவும் அவள் விளக்கினாள். "அது என்ன எழுத்துன்னு நான் வார்த்தையிலேருந்து சொல்றேன். சரியா இருந்தா நம்புங்க."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். சொந்த ஜீப்பின் எழுத்து அவருக்குத் தெரியாதா?

கொழுந்தியாள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. சட்டம் ஒன்றுதானே: இருப்பதிலேயே சின்ன வார்த்தையைத்தான் அவள் எடுப்பாள். ஆகவே அந்த ஆறெழுத்திலிருந்து எந்த மூன்று எழுத்தை எடுத்தாலும், அதற்கு விண்டோவை முந்திக்கொண்டு வேறொரு வார்த்தை வந்துவிட்டால், ஜீப்பின் எழுத்து அது இல்லை. வின் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, ஆகவே முதல் மூன்று எழுத்து அடிபட்டது. நௌ இருக்கிறது, கடைசியில் ஒரு மூன்று அடிபட்டது. டௌன், ஃபைன்ட், வௌ, விடோ என்று ஒவ்வொன்றாக விரலை மடக்கினாள். இரண்டு கை விரலையும் இரண்டு சுற்று மடக்கிக் கடைசியில் ஒரு விரல் மட்டும் நின்றது.

"டபிள்யூ, என், டபிள்யூ" என்றாள்.

இன்ஸ்பெக்டர் மூக்குக்குக் கொண்டுபோன கைக்குட்டையை அப்படியே மேசையில் வைத்தார். வாசலில் நின்ற காவலர், ஜீப்பைப் போய்ப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லாமல், அங்கேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றார். டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நாலு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்தது இதுவா? சினிமாப் பாட்டு முணுமுணுக்கிற மாதிரி என்றல்லவா அவர் நினைத்திருந்தார். வாசலில் நின்ற இன்னும் இரண்டு மோட்டார் சைக்கிளுக்கும் இதே மாதிரி சொல்லச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஒன்றுக்கு எழுத்தைச் சரியாகச் சொன்னாள். இன்னொன்றுக்கு இரண்டில் ஒன்று என்று இரண்டு விடை சொன்னாள். காவலர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதில் இரண்டாவது என்றார்.

இன்ஸ்பெக்டர் கோப்புகளை ஒரு பக்கமாகத் தள்ளி மேசையில் இடம் செய்தார். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் அவள் முன்னால் வந்தன. தைல டப்பாவைக்கூட அவர் எடுத்து டிராயருக்குள் போட்டுவிட்டார்.

கிச்சனுக்கு ஏழு எழுத்து. கே, ஐ, டி, சி, எச், இ, என். ஏழிலிருந்து மூன்று மூன்றாக வரிசை மாறாமல் எடுத்தால் மொத்தம் முப்பத்தைந்து கூட்டம் வரும். கொழுந்தியாள் முப்பத்தைந்தையும் ஏழு வரியில், வரிக்கு ஐந்தாக எழுதினாள். லேபிள் ஒட்டிப் பழகிய கை. ஒரு எழுத்து மேலே கீழே போகவில்லை. பிறகு அடிக்க ஆரம்பித்தாள்.

சுலபமானவை முதலில் போயின. எச், இ, என் என்றால் ஹென், கோழி, அடி. டி, இ, என் என்றால் டென், அடி. ஐ, சி, இ என்றால் ஐஸ். கே, ஐ, டி என்றால் கிட். கைட், கின், கீன், சின், தென், வித் என்று பேனா நிற்காமல் ஓடியது. ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழ் அர்த்தத்தையும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள், பட்டம், சொந்தம், ஆர்வம், மோவாய் என்று, ஏதோ சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரி. கே, டி, என் வந்தபோது கிட்டன், பூனைக்குட்டி, ஆறெழுத்துத்தான் என்று அடித்தாள். கே, சி, எச் வந்தபோது கொஞ்சம் நின்றாள். பிறகு கெச்சப் என்றாள், அதுவும் ஏழெழுத்துதான், ஆனால் அகராதியில் கிச்சனுக்கு முன்னால் வந்துவிடும், ஆகவே அடி. பக்கத்து அறையிலிருந்து எழுத்தர் ஒருவர் ஏதோ தாளோடு வந்தவர், அந்தத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

டிரைவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கோடு விழும்போதும் எங்கோ ஒரு சந்துக்குள் ஒளிந்திருக்கிற வேனைச் சுற்றி வளைக்கிற மாதிரி அவருக்குப் பட்டது. அந்த வேன் அவள் மனசிலிருந்து அழிந்துபோனது உண்மைதான். ஆனால் வார்த்தைக்குள் அது சக்கரம் மாறாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. இப்படி ஒன்று உலகத்தில் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் போடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்றிருப்பார்.

முப்பத்துமூன்று அடித்தாயிற்று. இரண்டு மிச்சம். கே, சி, என் ஒன்று. கே, எச், என் ஒன்று.

கொழுந்தியாள் பேனாவை வைத்தாள். கே, எச், என்னுக்கு ஒரு வார்த்தை இருக்கிறது, சின்ன வார்த்தை, எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்றாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அகராதியைத் திறந்து பார்க்கலாமே என்றார் இன்ஸ்பெக்டர். பையைத் துழாவினாள், அழுத வேகத்தில் அகராதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அப்படியானால் இரண்டு கூட்டத்துக்கும் தேடச் சொல்கிறேன், ஆனால் ஆளில்லை, நாள் பிடிக்கும் என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார். நாள் என்றால் எத்தனை நாள்? மருத்துவமனையில் கிடக்கிற மனுஷனுக்கு அத்தனை நாள் இருக்கிறதோ இல்லையோ. இடித்துவிட்டு ஓடியவன் அத்தனை நாள் வண்டிக்குப் பெயின்ட் அடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா?

டிரைவர் தாளில் இருந்த அந்த மூன்று எழுத்தை வெறித்துப் பார்த்தார். கே, எச், என். ஆங்கிலம் அவருக்குச் சாலைப் பலகை படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். இருந்தாலும் இந்த மூன்றையும் இதே வரிசையில், ஈரக் கண்ணாடி வழியாக, ரொம்ப நேரம் பார்த்த ஞாபகம் வந்தது.

"கான்" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"போன மழைக்கு ஒரு கிரேன் வண்டி பின்னாடி முக்கா மணி நேரம் மாட்டிக்கிட்டோமே. அப்ப நீதான் சொன்ன. கான்னா ராஜா மாதிரின்னு. ராஜா மாதிரிதான் வழி விடாம நிக்கிறான்னு நான் திட்டினேன்."

கொழுந்தியாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் காதில் ஒரு வார்த்தையாவது விழுந்திருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. "ஆமா மாமா. நாலெழுத்து" என்றாள். எழுத்தர் உள்ளே ஓடி, அலமாரியில் தூசி படிந்து கிடந்த பெரிய அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கே பக்கத்தில் கான் இருந்தது. அவள் பேனாவை எடுத்து அதையும் அடித்தாள்.

தாளில் அடிபடாமல் நின்றது ஒரே ஒரு கூட்டம். கே, சி, என். இன்ஸ்பெக்டர் அதைச் சுற்றித் தன் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அப்புறம் அவர் சளி எங்கே போனதென்று தெரியவில்லை. போனை எடுத்தவர் வைக்கவே இல்லை.

வண்டிப் பதிவு அலுவலகத்தின் பட்டியலில் அந்த எழுத்தில் வெள்ளை வேன் ஒன்பது இருந்தன. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இரண்டு காவலர்கள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார்கள். ஒன்று என்ஜின் இல்லாமல் கிடந்தது. ஒன்று இரண்டு வாரமாக வெளியூரில். ஆறாவது வேன் குழாய்ச் சாமான் விற்கிற ஒரு கடைக்குச் சொந்தமானது. கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். தார்ப்பாயை விலக்கினால் முன்பக்கம் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஆனால் கழுவியவன் குனிந்து பார்க்கவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற சல்லடையின் அடியில் வட்டமாக ஒன்று மாட்டியிருந்தது. சைக்கிள் மணியின் மேல் மூடி. தபால்காரரின் சைக்கிளில் மூடி இல்லாத மணியோடு அது பொருந்தியது. ஓட்டியவன் ஐந்து நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை; பயத்தில் ஓடிவிட்டேன் என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

சனிக்கிழமை தபால்காரர் கண் விழித்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி டிரைவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லியும் வரவில்லை. டிரைவரின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று தானாகவே சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இருவரும் நிலையத்துக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் லைசென்ஸையும் சாவியையும் கொடுத்தார். அந்த முப்பத்தைந்து கூட்டம் எழுதிய தாளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கொழுந்தியாளிடம் அனுமதி கேட்டார். அவள் வெட்கப்பட்டுத் தலையாட்டினாள்.

டிரைவர் பின்பக்கம் போய் ரொட்டி வண்டியைப் பார்த்தார். ஒரு வாரத் தூசி. கதவைத் திறப்பதற்கு முன்னால் என்ன தோன்றியதோ, முன்பக்கம் போய்த் தன் வண்டியின் நம்பர் பலகையை ஒரு தடவை துடைத்தார். ஒன்பது வருஷமாக ஓட்டுகிற வண்டி. வி, ஜே, எக்ஸ். இதற்கு இவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வண்டி பெரிய சாலைக்கு வந்து சேர்ந்தது. சிக்னலில் நின்றார்கள். முன்னால் ஒரு டாக்சி. கொழுந்தியாள் முணுமுணுக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம வண்டிக்கு என்ன வார்த்தை?" என்று கேட்டார்.

"நம்ம வண்டிக்கு இல்ல மாமா."

"எப்படி இல்லாமப் போகும்? நீ தேடியிருக்க மாட்ட."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வேலை வாங்கிக் குடுத்து, மொத நாள் இந்த வண்டியில ஏத்திக்கிட்டுப் போனீங்கள்ல. அன்னிக்கே தேட ஆரம்பிச்சேன். இவ்வளவு தூரம் நம்மளக் கூட்டிட்டுப் போற வண்டிக்கு ஒரு வார்த்தை இருந்தா நல்லா இருக்கும்னு. அந்த மூணு எழுத்து எந்த வார்த்தைக்கு உள்ளயும் இருக்கலாம்ல, அதனால மொத பக்கத்துலேருந்து பார்த்தாகணும். ஏலேருந்து இசட் வரைக்கும் பார்த்தேன். இல்ல. கண்ணுல தப்பியிருக்கும்னு மறுபடியும் மொதல்லேருந்து பார்த்தேன். இப்ப மூணாவது தடவை. எம் வரைக்கும் வந்திருக்கேன்."

டிரைவர் அவள் மடியிலிருந்த பையைப் பார்த்தார்.

"மத்த வண்டிங்களோட வார்த்தை எல்லாம் அப்படிப் பார்க்கறப்போ தானா மனசுல தங்கினது மாமா. கிச்சனும் அதுல ஒண்ணு."

சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். இருபது வருஷமாக ஹாரனுக்கு ஹாரன் பதில் கொடுத்துப் பழகிய மனுஷர் அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். முன்னால் சாலை கலங்கலாகத் தெரிந்தது. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.

"'என்' எழுத்தை இன்னிக்குத் தொடங்கு. நான் பேசாம ஓட்டறேன்" என்றார்.

அவள் பையிலிருந்து அகராதியை எடுத்தாள்.